Re: லில்லி ஃபெலோஷிப்ப நம்பி பிஹெச்டி சேரலாமா?

தம்பி, சின்ன லூத்தரன் காலேஜ்ல பிஏ முடிச்சுட்டு, ஃபண்டிங் இல்லாம வந்த ஹிஸ்டரி பிஹெச்டி ஆஃபருக்கு லில்லி கிராஜுவேட் ஃபெலோஷிப்ப நம்பி ஓகே சொல்லலாமான்னு கேட்டிருக்கீங்க. சொல்லாதீங்க. அது அமெரிக்கால இந்தியானா மாநிலத்துல இருக்கற வால்பரைசோ யுனிவர்சிட்டில 1991ல ஆரம்பிச்ச லில்லி ஃபெலோஸ் புரோகிராமோட ஒரு பகுதி, கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சு ஹியூமானிட்டீஸ் இல்லன்னா ஆர்ட்ஸ் பக்கம் மேல போறவங்களுக்கு மூணு வருஷம் மென்டர், வருஷாவருஷம் கூடிப் பேச மீட்டிங், கூடவே வருஷம் 3,000 டாலர்ங்கற மாதிரிதான் அதை அமைச்சிருந்தாங்க, அத வச்சு வாடகை கூட கட்ட முடியாது. பிஹெச்டியோ அஞ்சாறு வருஷம் இழுக்கும். துணைக்கு ஆள் கெடைக்கறது பெரிய விஷயம்தான், நான் இல்லேங்கல, ஆனா சோறு டிபார்ட்மென்ட்லேர்ந்துதான் வரணும்.

மொதல்ல உங்க காலேஜ் லில்லி புரோகிராமோட காலேஜ் நெட்வொர்க்ல இருக்கா, இந்த வருஷம் அப்ளிகேஷன் வாங்கறாங்களான்னு பாருங்க. அப்புறம் டிபார்ட்மென்ட்டுக்கு மெயில் போட்டு ட்யூஷன் வெய்வர் (ஃபீஸ் தள்ளுபடி), டிஏஷிப் (கிளாஸ் எடுக்க உதவி பண்ணி சம்பளம் வாங்கற வேலை) ரெண்டும் உண்டான்னு நேரா கேளுங்க, கூச்சப்படாதீங்க. ஏப்ரல் 15 வரைக்கும் யோசிக்க டைம் கொடுக்கணும்னு அமெரிக்க கிராஜுவேட் ஸ்கூல்கள் போட்டுக்கிட்ட உடன்பாட்டுல கையெழுத்து போட்ட ஸ்கூல்னா ஃபண்டிங் ஆஃபருக்கு அதுக்கு முன்னாடி பதில் சொல்லுன்னு நெருக்க முடியாது, ஆனா உங்களுக்கு வந்தது வெறும் அட்மிஷன்னா அந்தப் பாதுகாப்பு கெடைக்காது, அதனால லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு இன்னிக்கே பாத்துடுங்க.