தொலேதோவில் ஏற நடை, இறங்கப் பேருந்து

கேள்வி: மாட்ரிட்டில் பணிபுரியும் மகளைப் பார்க்க அக்டோபரில் நானும் என் கணவரும் செல்கிறோம். ஒரு நாள் ரயிலில் தொலேதோ சென்று, அந்தப் பழைய நகரை நடந்தே பார்க்க விரும்புகிறோம். மேடும் பள்ளமுமான ஊர், சுற்றுலாப் பேருந்தே மேல் என்கிறாள் மகள். எனக்கு வயது 63. லேசான முழங்கால் வலி உண்டு. நடக்க இயலுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாக நடக்கலாம். குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து பெட்போர்டு வரை ஏறிப் பழகிய கால்களுக்குத் தொலேதோ புதிதல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடக்கும் மலை ரயிலை அறிந்த உங்களுக்கு, மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவை அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முடித்துவிடும் அதிவேக ரயில்தான் வியப்பாக இருக்கும். குறிப்பிட்ட ரயிலுக்கும் இருக்கைக்கும் மட்டுமே சீட்டு செல்லும் என்பதாலும், பைகளைச் சோதித்தே உள்ளே விடுவார்கள் என்பதாலும், முன்கூட்டியே சென்றுவிடுங்கள். திரும்புவதற்கும் சேர்த்தே சீட்டு வாங்குங்கள். வாங்காத நான், மாலை ரயில்கள் நிரம்பிவிட, பேருந்தில் திரும்பினேன்.

இறங்கியதும் வெளியே ஓடிவிடாதீர்கள். 1919-இல் திறக்கப்பட்ட அந்நிலையம், லாட வடிவ வளைவுகளும் வண்ண ஓடுகளும் மரவேலைப்பாடுள்ள கூரையுமாக அரண்மனை போலிருக்கும். அங்கிருந்து இருபது நிமிட நடையில், தஹோ ஆற்றின் மேல் அல்காந்தரா பாலம் வரும். அரபு மொழியில் 'அல்காந்தரா' என்றாலே பாலம்தான். நாம் 'கேட்டுக் கதவு' என்பதைப் போன்றதே இதுவும். மூன்று புறமும் ஆறு சூழ்ந்த குன்றின் மேல் நகரம் ஏன் அமைந்தது என்பது, பேருந்தின் ஜன்னலைவிட இந்தப் பாலத்தின் நடுவில் நின்றால்தான் விளங்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும் என்பதை மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, காலையில் நின்று நின்று ஏறுங்கள். மாலையில் சொகோதோவர் சதுக்கத்திலிருந்து நகரப் பேருந்தில் நிலையத்துக்கு இறங்கிவிடுங்கள். ஏறவும் தயக்கமானால், ஆற்றோரச் சாலையில் சாஃபோன் என்னுமிடத்தில் நகரும் படிக்கட்டு உண்டு. தெருக்கள் கூழாங்கல் பாவியவை. மழை பெய்தால் வழுக்கும் என்பதால், நன்கு பிடிக்கும் காலணி அவசியம்.

பார்ப்பதற்கு 1226-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் உண்டு. சாந்தோ தோமே ஆலயத்தில் எல் கிரேகோவின் புகழ்பெற்ற ஓவியமும் உண்டு. இவற்றை எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். நான் அழுத்திச் சொல்வது, பின்னாளில் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றப்பட்டு 'கிறிஸ்தோ தெ லா லூஸ்' என்று பெயர் பெற்ற சிறிய பள்ளிவாசலைத்தான். 999-இல் கட்டப்பட்டது என்பதை அதன் முகப்பிலேயே செங்கல்லால் எழுத்துகளாக அடுக்கிப் பொறித்திருக்கிறார்கள். உள்ளே, எட்டு மீட்டர் சதுரத்துக்குள், நான்கு தூண்கள் இடத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரிக்கின்றன. அண்ணாந்து பார்த்தால், ஒன்பதின் மேலும் ஒன்பது விதமான விதானங்கள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. கழுத்து வலிக்கும் வரை நின்றேன்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடலாம்?
– அதே வாசகி

பதில்: தக்காளி, கத்தரிக்காய், குடைமிளகாய் சேர்ந்த 'பிஸ்தோ' நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு, பெரும்பாலும் மேலே பொரித்த முட்டை வைத்துவிடுவார்கள் என்பதால், வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுங்கள். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் 'மசபான்' இவ்வூரின் பெருமை. சில கன்னியர் மடங்களிலும் விற்கிறார்கள். அதிலும் மேற்புறம் பளபளத்தால், முட்டைக் கரு தடவிச் சுட்டதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.