மறு: ஜெனரேட்டர் ஒப்பந்தத்தில் 'கொமிஷனிங்', தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம். உங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் ஜெனரேட்டர் ஒப்பந்தத்தில் 'டெஸ்டிங் அன்ட் கொமிஷனிங்' என்பதை 'சோதனையும் ஆணையளித்தலும்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். கடைசி 10% கொடுப்பனவே அந்த வரியில்தான் தங்கியிருக்கிறது, தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஆங்கிலத்தில் 'கொமிஷன்' என்ற ஒரே சொல்லுக்குப் பல பொருள் உண்டு. ஆணை என்பது படை அதிகாரிக்கும் போர்க்கப்பலுக்கும் பொருந்தும். ஓவியரிடம் படம் வரையச் சொன்னால் பணித்தல், வீடு பிடித்துத் தருபவருக்குக் கொடுப்பது தரகு. இயந்திரத்துக்கு 'இயக்கிப் பார்த்து ஒப்படைத்தல்' என்று எழுதுங்கள்.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எது நடந்தால் அது முடிந்ததாகும் என்பதையும் கீழே எழுத வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்ததும் சுமை, அதாவது கட்டடத்தின் மின்பாவனை, தானாக ஜெனரேட்டருக்கு மாற வேண்டும். மின்சாரம் வந்ததும் தானாகத் திரும்ப வேண்டும். முழுச் சுமையிலும் 400 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் நிலையாக நிற்கிறதா என்று மீற்றரில் பார்த்துக் குறிக்க வேண்டும். பலர் மறப்பது பேஸ் வரிசையை, அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளை இணைக்கும் ஒழுங்கை. மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருந்தால் தண்ணீர்ப் பம்பு எதிர்ப்பக்கம் சுற்றும், மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஒழுங்காக ஏறாது. சுமையே கொடுக்காமல் பத்து நிமிடம் ஓட்டினால் இவற்றில் எதுவும் தெரியவராது. அதை நம்பிக் கையெழுத்து வைக்காதீர்கள்.