கோலாலம்பூரில் ஃபெரெட்டுக்குப் பச்சைக்கறி கொடுத்து வளர்க்க முடியுமா?

கேள்வி: "கோலாலம்பூரில் ஒரு ஃபெரெட் வளர்க்கிறேன். இப்போது பூனை பிஸ்கெட்தான் போடுகிறேன். பச்சைக்கறிக்கு மாற்றலாமா? தினமும் கோழி நெஞ்சுக்கறி வாங்கிப் போட்டால் போதுமா?"

மாற்றலாம். நெஞ்சுக்கறி மட்டும் போதாது. (ஃபெரெட் தெரியாதவர்களுக்கு: கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி.)

உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நெஞ்சுக்கறி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர், வேலை முடிந்து வரும் வழியில் பேரங்காடியில் தட்டில் சுற்றி வைத்த கறியை எடுத்து வருகிறவர் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அப்படிப்பட்டவர்தான் என்றால் இந்தப் பதில் உங்களுக்குத்தான்.

எங்கள் வீடு செந்தூலில், பழைய அடுக்குமாடி. அம்மா, தம்பி, நான், அப்புறம் இரண்டு ஃபெரெட். ஒன்றின் பெயர் மைலோ, இன்னொன்று நெஸ்லோ. இங்கே குடிக்கும் மைலோ, நெஸ்லோ பானங்களின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தோழி விட்டுச்சென்றவை. கூடவே ஒரு மூட்டை பிஸ்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். உறையைத் திருப்பிப் பார்த்தால் முதல் இரண்டு பொருள் சோளமும் அரிசியும். அதற்குப் பிறகுதான் கோழி.

ஃபெரெட் முழுக்க முழுக்க இறைச்சி தின்னும் பிராணி. ஐரோப்பாவின் போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து மனிதன் பழக்கி எடுத்தது. குடல் குட்டை, பெருங்குடல் முனையில் இருக்க வேண்டிய பையும் கிடையாது. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அந்த அவசரத்தில் தானியத்தையும் நார்ச்சத்தையும் செரிக்க அதனால் முடியாது. அதனால்தான் மாற்றினேன். பச்சைக்கறிதான் ஒரே வழி என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கே சண்டை உண்டு.

நெஞ்சுக்கறிக்கு வருவோம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் சொற்பம். இரண்டுக்கும் நடுவே பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். உடம்புக்கோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாக வேண்டும். தினமும் வெறும் கறியே போட்டால் அந்தக் குறையை உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டும். எலும்பு மெலிந்து, வளைந்து, ஒரு நாள் சோபாவிலிருந்து குதித்தால் முறியும். கறியைக் கொடுத்தே பட்டினி போடுவது என்பது இதுதான்.

வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு 80-10-10: சதை 80 பங்கு, தின்னக்கூடிய பச்சை எலும்பு 10, உள்ளுறுப்பு 10. அந்த உள்ளுறுப்பில் பாதி ஈரல், மீதிப் பாதி கிட்னி, மண்ணீரல் மாதிரி வேறு ஒன்று. இது வேதவாக்கு இல்லை. ஒரு முழு எலி, ஒரு முழுக் குஞ்சு எப்படி இருக்குமோ அதைப் பார்த்துப் போட்ட உத்தேசக் கணக்கு. தினமும் தராசு வைத்துப் பிரிக்க வேண்டாம். வாரத்தில் சரியாக வந்தால் போதும்.

நான் போடும் கணக்கையே தருகிறேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் எடையுள்ள ஃபெரெட் நாளைக்குச் சுமார் 100 கிராம் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு 700. எலும்பு 70 கிராம் வேண்டும். கோழி இறக்கையில் கிட்டத்தட்டப் பாதி எலும்பு, அதனால் 150 கிராம் இறக்கை வாங்கினால் எலும்புக் கணக்கு முடிந்தது, 80 கிராம் சதையும் அதிலேயே வந்துவிட்டது. கோழி ஈரல் 35, ஆட்டுக் கிட்னி 35. மிச்சம் 480 கிராம் சதை. இதில் கோழி இதயமும் இரைப்பையும் நிறைய இருக்கட்டும். இரண்டுமே தசை, உள்ளுறுப்புக் கணக்கில் சேராது. இதயத்தில் டாரின் என்ற சத்து அதிகம், ஃபெரெட்டுக்கு அது அவசியம். மீதிக்குத் தொடைக்கறி, ஆட்டுக்கறி, காடை, கிடைத்தால் வாத்து. கோழியையே வருஷம் முழுக்கப் போடாதீர்கள். ஈரலைப் பிடித்துத் தின்கிறதே என்று அள்ளியும் போடாதீர்கள், வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து நஞ்சாகும்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மாட்டு இதயம் என்று போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அது நுழையாது. நுழைய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கோழி இதயமும் ஆட்டு இதயமும் அதே வேலையைச் செய்யும். "பிராணிக்கு என்ன சாமி, என்ன சாதி" என்று கேட்கப் போகிறவர்கள் என் அம்மாவிடம் வந்து கேளுங்கள். பச்சைப் பன்றிக்கறியை மட்டும் யார் வீட்டிலும் கொடுக்காதீர்கள். பன்றியிடமிருந்து வரும் ஔஜெஸ்கி என்ற வைரஸ் நோய் இந்த இனத்தைக் கொன்றுவிடும்.

இறக்கை, இதயம் எல்லாம் சௌக்கிட் சந்தையில் காலையிலேயே போனால் தாராளமாகக் கிடைக்கும். முதலில் இதயத்தை மட்டும் தனியாகக் கேட்டபோது கோழிக்கடை அண்ணன் "என்னம்மா, கடை போட்டிருக்கியா?" என்றார். இப்போது என்னைப் பார்த்தாலே பையில் போட்டுவிடுகிறார். கறியை வாங்கி மூட்டையோடு வீட்டுக்கு வந்தால் லிஃப்ட் ஓடாது. இதை இங்கே சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தை ஒரு நாள் தள்ளிக் கட்டினால் அறிவிப்புப் பலகையில் வீட்டு எண்ணைப் போட்டு மானத்தை வாங்குகிற நிர்வாகம், லிஃப்ட் பழுதானால் மட்டும் "உதிரிப் பாகம் வர வேண்டும்" என்கிறது. எந்தக் கண்டத்திலிருந்து வருகிறது அந்தப் பாகம்? முட்டிவலி உள்ள என் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார். அதைக் கேட்கப் போனால் "உங்கள் வீட்டில் காட்டு மிருகம் இருக்கிறதாமே" என்று பேச்சைத் திருப்புகிறார்கள். சரி, விடுங்கள்.

மாற்றுவது எப்படி? இங்கேதான் எல்லோரும் தோற்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் எதைத் தின்று பழகியதோ அதுதான் ஃபெரெட்டுக்கு உணவு. மைலோவின் முன்னால் ஒரு அருமையான கோழித்துண்டை வைத்தேன். மோந்து பார்த்தான், தள்ளிவிட்டான், திரும்பிப் படுத்துக்கொண்டான். "பட்டினி போடு, பசித்தால் தின்னும்" என்று ஒருவர் சொன்னார். நாய்க்குச் சொல்லும் யோசனை அது. ஃபெரெட்டைப் பட்டினி போட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும், அதுவும் வயதான ஃபெரெட்டுகளுக்குச் சர்க்கரையை இறக்கிவிடும் கணையக் கட்டி வருவது சகஜம் என்பதால் இது விளையாட்டில்லை. பிஸ்கெட்டை வெந்நீரில் ஊறவைத்து, அதில் அரைத்த கறியைத் துளித் துளியாகக் கூட்டிக்கொண்டே போனேன். கோழிக் கொழுப்பை விரலில் தொட்டு ஈறில் தடவினேன். நெஸ்லோ சீக்கிரம் வழிக்கு வந்தாள். மைலோவுக்கு வாரக்கணக்கில் இழுத்தது. எலும்பு கடைசியில்தான், அதுவும் இறக்கை நுனியிலிருந்து.

அப்படி அவன் ஒருவழியாக இறக்கையைக் கடிக்கப் பழகியபோது புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த மாதம் கறி கிடையாது, சட்டிபானை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிடுவார் அம்மா. இதற்காகவே என் அறையில் ஒரு சின்ன உறைபெட்டி வாங்கி வைத்திருந்தேன். தனிக் கத்தி, தனிப் பலகை, வாசல் தாண்டாது என்று சத்தியம் செய்து அனுமதி வாங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை போடும் நாள், தம்பி என் அறைக்கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டான். ஃபெரெட்டுக்குக் கிடைத்ததையெல்லாம் பதுக்கும் குணம் உண்டு. மைலோ இறக்கையைக் கவ்வினான், கூடத்தைத் தாண்டினான், நேராகச் சாமி மேடைக்குக் கீழே போய் துணிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்துவிட்டான். பூவும் கற்பூரமும் மணத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் மத்தியானம் தெரிந்தது. "சாமி மேடைக்கடியில மூசாங் பூந்துருச்சு" (மூசாங் என்றால் மரநாய்) என்று அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா ஓடிவந்தார். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். மைலோவோடு அம்மா தீபாவளி வரைக்கும் பேசவில்லை. அவனுக்கும் அது புரிந்த மாதிரிதான் இருந்தது.

சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் ஊர் வெயிலில் இதுதான் பெரிய ஆபத்து. முப்பது டிகிரிக்கு மேல் பதுக்கிய கறி சில மணி நேரத்தில் கெட்டுவிடும். வைத்த தட்டை அரைமணியில் எடுங்கள், கடைசித் துண்டு எங்கே போனது என்று பாருங்கள். பச்சைக்கறியில் இருக்கும் சால்மனெல்லா என்ற கிருமி ஃபெரெட்டைவிட உங்களைத்தான் அதிகம் படுத்தும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் நான் பச்சைக்கறியைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். உறைபெட்டியில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பொய், அது உறங்கும், அவ்வளவுதான். இன்ஃபுளுவென்சாவும் ஃபெரெட்டுக்கு எளிதாகத் தொற்றும். 1933 இல் மனிதக் காய்ச்சலின் வைரஸை லண்டனில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். 2017 இல் கிளந்தானில் வந்ததைப் போலப் பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் அன்றைக்கே பச்சைக் கோழியை நிறுத்துங்கள்.

"அப்படியானால் வேகவைத்துக் கொடுக்கலாமே" என்பீர்கள். நான் பார்த்த ஒரு மருத்துவரும் அதைத்தான் சொன்னார், கூடவே கொஞ்சம் சோறும் பிசையச் சொன்னார். நாய் பூனைக்கு நல்ல மருத்துவர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கறியை வேகவைத்தால் டாரின் தண்ணீரோடு போகும், வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், சோறு எதற்கென்றே தெரியவில்லை. பச்சை மீனும் வேண்டாம், பல மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டை ஆசையாகத் தின்னும், ஆனால் அத்தனையும் உப்பு.

இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. புரதம் 35 சதவீதத்துக்கு மேல், கொழுப்பு 20 சதவீதத்தை ஒட்டி, முதல் பொருள் இறைச்சி என்று போட்ட ஃபெரெட் அல்லது பூனைக்குட்டித் தீவனத்தை வாங்கிப் போடுங்கள். அரைகுறைப் பச்சைக்கறியைவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் ஃபெரெட்டுக்கு என்ன வயது என்று எழுதவில்லை. நான்கைத் தாண்டியிருந்தால் மாற்றும் முன் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள், அயல்நாட்டுச் சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவரிடமே போங்கள். மாற்றும்போது பச்சை நிறத்தில், சளியோடு மலம் ஓரிரு நாள் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். தார் மாதிரிக் கறுப்பாக வந்தாலோ, பின்னங்கால் தொய்ந்தாலோ, எச்சில் வடித்துக்கொண்டு வாயைப் பிராண்டினாலோ யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.