தண்ணிலவை எழுதியவர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கோவில்பட்டியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்ற தை மாதம் எங்கள் அம்மா காலமானார். பழைய சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். அடுப்படியில் வானொலி பாடிக்கொண்டிருந்தால்தான் அவருக்கு வேலை ஓடும். காரியம் முடிந்து அவரவர் ஊருக்குத் திரும்பிய பின், உடன்பிறந்த நாங்கள் ஐந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு, முறை வைத்து, அம்மாவுக்குப் பிடித்த ஒரு பாட்டை அங்கே பகிர்ந்து வருகிறோம்.

பாட்டோடு விவரமும் எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். அதிலிருந்துதான் சச்சரவு. "காலங்களில் அவள் வசந்தம்" ஏ.எம்.ராஜா பாடியது என்று நான் எழுத, பி.பி.ஸ்ரீநிவாஸ் என்று பெரியண்ணன் உடனே திருத்தினார். "மணப்பாறை மாடுகட்டி" பட்டுக்கோட்டையார் பாட்டு என்று அவர் எழுத, தங்கை மறுத்தாள். அம்மா எங்களைத் தூங்கவைக்கும்போது முணுமுணுக்கும் "தண்ணிலவு தேனிறைக்க" கண்ணதாசனுடையது என்று அண்ணன் சாதிக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வேறு பெயரும் தெரியவில்லை. மூன்று நாள் யாரும் பாட்டே போடவில்லை. அண்ணன் மகள் என்னை அழைத்து, "பாட்டு நல்லா இருந்தா போதாதா அத்தை, யார் எழுதினா என்ன?" என்று கேட்டாள். அவள் கேட்பது சரிதானோ என்று தோன்றுகிறது. பெயர்களை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பகிர்ந்துகொள்ளலாமா?

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். தாயாரை இழந்த துயரத்தில் ஐந்து பேரும் கூடி ஒரு பாட்டைக் கேட்கிறீர்கள் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்தது. விட்டுவிடாதீர்கள். பெயர்களையும் விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில். எங்கள் பக்கம் சென்னை நிலையத்தைவிட சிலோன் வானொலி நன்றாக எடுக்கும். 1952இல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களுக்குக் கதவைச் சாத்தியது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் அதன் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி தொடங்கும்வரை இந்தியா முழுவதும் பாட்டுப் பிரியர்களுக்கு இலங்கை வானொலிதான் கதி. விவித பாரதி வந்த பிறகும் தென் மாவட்டங்களில் பலர் சிலோனை விட்டு முள்ளைத் திருப்பவில்லை. நான் கேட்டு வளர்ந்தது 1970களில். காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்', இடையே அறிவிப்பாளர்கள் எஸ்.பி.மயில்வாகனனும் ராஜேஸ்வரி சண்முகமும் கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் வளர்த்த அந்தத் தமிழ். அவர்கள் பாட்டைப் பெயரில்லாமல் அனுப்பியதில்லை. படம் எது, பாடியவர் யார், இயற்றியவர் யார், இசை யாருடையது என்று ஒரு விருந்தாளியை வீட்டாருக்கு அறிமுகப்படுத்துவதுபோலச் சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள்.

என் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அடிக்கோல் வைத்துப் போட்ட நான்கு பத்திகள் இருக்கும்: படம், பாடியவர், இயற்றியவர், இசை. அறிவிப்பு வரும் நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. கரகரப்பில் ஒரு பெயர் விழுங்கப்பட்டுவிட்டால் அந்தக் கட்டத்தை வெற்றாகவே விடுவாள். அப்பா ஒருமுறை, "கண்ணதாசன்னு எழுதி வை, பாதிப் பாட்டு அவர் பாட்டுதானே" என்றார். அக்கா எழுதவில்லை. அதே பாட்டு மறுபடி ஒலிபரப்பாகும்வரை, சில சமயம் மாதக்கணக்கில், அந்தக் கட்டம் காத்திருக்கும்.

அப்பா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் நினைவு வெற்றிடத்தைப் பொறுப்பதில்லை. பாட்டு ஒன்றுக்கு ஆசிரியர் தெரியாவிட்டால், அதை யார் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அவருக்கே கொடுத்துவிடுகிறது. தத்துவமும் காதலும் கண்ணதாசனுக்குப் போய்விடும்; ஏரும் மாடும் உழைப்பும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்குப் போய்விடும். "மணப்பாறை மாடுகட்டி" விஷயத்தில் உங்கள் அண்ணனுக்கு நேர்ந்தது இதுதான். 1957இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துக்காக, கே.வி.மகாதேவன் இசையில், டி.எம்.சௌந்தரராஜன் குரலுக்கு அந்தப் பாட்டை எழுதியவர் அ.மருதகாசி. உங்கள் தங்கை மறுத்தது சரி. மேலக்குடிகாடு என்ற சிற்றூரில் பிறந்த மருதகாசிக்கு மாட்டையும் வயலையும் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எம்.ஜி.ஆருக்காக ஏ.எம்.ராஜாவும் உடன் பி.பானுமதியும் பாடிய "மாசிலா உண்மைக் காதலே"யும் மருதகாசியுடையதே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே மனிதர் ஏர் பிடிக்கும் உழவனின் பேச்சையும் காதலரின் பேச்சையும் ஒரே எளிமையோடு எழுதியிருக்கிறார் என்பது புலப்படும். ஒரு பாட்டிலிருந்து அதே கை எழுதிய இன்னொரு பாட்டுக்குப் போக நமக்கு இருக்கும் வழி அந்தப் பெயர்தான்.

பட்டுக்கோட்டையாரையே எடுத்துக்கொள்வோம். 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில் பி.சுசீலா பாடும் தீபாவளிப் பாட்டு உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்: "உன்னைக் கண்டு நான் ஆட". ஆண்டுதோறும் ஐப்பசியில் அதை ஒலிக்காத வானொலி இல்லை. அதே படத்தில் அதே மெட்டில் ஏ.எம்.ராஜா பாடும் சோக வடிவம் ஒன்று உண்டு. அதைத் தீபாவளியன்று யாரும் போடுவதில்லை. அது "உன்னைக் கண்டு நான் வாட" என்று தொடங்கும். 'ஆட' என்பதன் முதலெழுத்து மட்டும் மாறி 'வாட' ஆகிறது. பண்டிகை முழுவதும் இருண்டுவிடுகிறது. மெட்டமைத்தவரும் ராஜாவேதான். அதே ஆண்டு அக்டோபரில் கல்யாணசுந்தரம் இருபத்தொன்பது வயதில் மறைந்தார். எழுதியவர் பெயரும் அந்த வயதும் தெரிந்த பிறகு அந்த 'வாட' என்ற சொல்லைக் கடந்துபோவது எனக்கு ஒவ்வொரு முறையும் கடினமாக இருக்கிறது.

ராஜா, ஸ்ரீநிவாஸ் குரல்களை நீங்கள் மாற்றிக்கொண்டதற்கு வருந்தத் தேவையில்லை. அந்தத் தலைமுறையில் பாதிப்பேருக்கு அந்தக் குழப்பம் இருந்தது. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. இருவரும் மென்குரல் பாடகர்கள். இருவரும் ஜெமினி கணேசனுக்காக நிறையப் பாடியவர்கள். 'மிஸ்ஸியம்மா', 'கல்யாணப் பரிசு', 'தேன் நிலவு' என்று 1961 வரை ஜெமினிக்கு ராஜாவின் குரல் பொருந்தியிருந்தது. அந்த 1961லேயே 'பாவமன்னிப்பு' படத்தில் "காலங்களில் அவள் வசந்தம்" வழியாக ஸ்ரீநிவாஸின் குரல் அதே முகத்தில் வந்து அமர்ந்தது. முகம் ஒன்றாகவே இருந்ததால் குரலும் ஒன்று என்று நினைவு முடிவுசெய்துவிடுகிறது. என் காதுக்கு, ராஜாவின் குரல் மேல் ஸ்தாயியில் எடை இழந்து மிதக்கும். சொல்லை அதிகம் இழுக்காமல் விட்டுவிடும். ஸ்ரீநிவாஸின் குரலுக்கு வீடு கீழ்ஸ்தாயி. அங்கே இறங்கும்போது அது இன்னும் கனிந்து, சொல்லின் கடைசி எழுத்தைச் சற்றுத் தாங்கிப் பிடித்திருக்கும். "நிலவும் மலரும் பாடுது" பாட்டையும் "காலங்களில் அவள் வசந்தம்" பாட்டையும் ஒரே இரவில் கேட்டுப்பாருங்கள். ஒருமுறை காதுக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு மாறாது.

பெயர்கள் நம்மை எங்கெல்லாம் அழைத்துப்போகும் என்பதற்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. திருவரங்கத்திலிருந்து வந்து சென்னையில் வாய்ப்பின்றி அலைந்த ஓர் இளைஞர், இனி முடியாது என்று ஊருக்குத் திரும்ப ஆயத்தமானார். அந்த நேரத்தில் அவரைக் காண வந்த ஸ்ரீநிவாஸ், தாம் பாடிய புதிய பாட்டு என்று 'சுமைதாங்கி' படத்தின் "மயக்கமா கலக்கமா"வைப் பாடிக்காட்டினார். எழுதியவர் கண்ணதாசன். அதைக் கேட்ட இளைஞர் பயணத்தைக் கைவிட்டார். அவர்தான் வாலி, இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 'சுமைதாங்கி' 1962இல் வந்தது. மறு ஆண்டு 'கற்பகம்' படத்தின் பாடல்கள் அனைத்தையும் வாலி எழுதினார், அத்தனையையும் சுசீலா பாடினார். 1967இல் 'இருமலர்கள்' படத்துக்கு அவர் எழுதிய "மாதவிப் பொன்மயிலாள் தோகை விரித்தாள்" பாட்டைக் கண்ணதாசன் எழுதியது என்று நானே ஒரு மேடையில் சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்து ஒரு முதியவர் கையைப் பிடித்துத் திருத்தினார். கண்ணதாசனின் பாட்டு ஒரு கவிஞரைச் சென்னையில் நிறுத்தியது. நின்றவர் எழுதியதை நான் மறுபடி கண்ணதாசன் கணக்கிலேயே சேர்த்திருந்தேன். கண்ணதாசனுக்கு அந்தக் கூடுதல் தேவையில்லை. வாலிக்கு அது உழைப்பின் கூலி.

சுரதா, கு.மா.பாலசுப்பிரமணியம், தஞ்சை ராமையாதாஸ், புலமைப்பித்தன் ஆகியோருக்கும் இப்படித்தான் நடக்கிறது. நடிகரின் முகம் திரையில் இருக்கிறது, பாடகரின் குரல் பாட்டில் இருக்கிறது, எழுதியவருக்குப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. பல கவிஞர்கள் எழுதிய படத்தின் எழுத்துத் திரையில் எல்லாப் பெயர்களும் ஒன்றாக ஓடி மறையும். எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் தெரியாது. அதற்கு அன்று இருந்த ஆதாரங்கள் இரண்டு. ஒன்று இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய வட்டத்தாள். மற்றது கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம், கதையைப் பாதி சொல்லி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்குமே, அது. உங்கள் வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு இருந்தால் தயவுசெய்து பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள்.

உங்கள் ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி "சிங்கார வேலனே தேவா" என்று பாடும்போது, குரலுக்கு நிழல்போல ஒரு நாதஸ்வரம் தொடரும். எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. வாசித்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம். படம் வந்த இரண்டே ஆண்டுகளில் அவர் மறைந்துவிட்டார். உங்கள் அம்மா அவர் வாசித்துக் கேட்டிருக்கக்கூடும். அந்தப் பாட்டைப் பகிரும் நாளில், ஜானகியின் பெயருக்கு அருகில் அவர் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மகளின் கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெயர் தெரியாமலே ஒரு பாட்டில் தோய்ந்து போகலாம். தாலாட்டையும் ஒப்பாரியையும் நாம் அப்படித்தான் பெற்றுக்கொண்டோம். ஆனால் அவற்றின் ஆசிரியர்களைக் காலம் நம்மிடம் சொல்லவில்லை. இந்தப் பாட்டுகளின் ஆசிரியர்களோ நம் அப்பா அம்மா வாழ்ந்த காலத்தில் வாழ்ந்தவர்கள், தெரிந்துகொள்ள வழியும் இருக்கிறது. 1949இல் வந்த 'மஹல்' என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடகியின் பெயருக்குப் பதில் 'காமினி' என்று கதாபாத்திரத்தின் பெயரே அச்சாகியிருந்தது. பாடியவர் யார் என்று கேட்டு வானொலிக்கு நேயர்களின் கடிதங்கள் குவிந்த பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் ஒலிபரப்பில் வந்தது. அந்தக் கடிதங்களை எழுதியவர்கள் உங்களையும் உங்கள் அண்ணனையும் போன்றவர்கள். அண்ணன் மகளிடம் இதைச் சொல்லுங்கள். முடிந்தால் விவரம் தேடும் வேலையை அவளிடமே ஒப்படையுங்கள். கேள்வி கேட்பவள் நன்றாகத் தேடுவாள்.

ஒரு பெயர் உறுதியாகத் தெரியாத இரவில் அந்த இடத்தை வெற்றாக விட்டுவிட்டுப் பாட்டைப் போடுங்கள். பெயருக்காகப் பாட்டை நிறுத்தி வைக்க வேண்டாம். மூன்று நாள் உங்கள் குழு பேசாமல் இருந்ததுதான் எனக்கு வருத்தம்.

இனி, அம்மா முணுமுணுத்த பாட்டு. அந்தப் படத்தின் மற்றப் பாடல்களைக் கண்ணதாசனோடு சேர்த்தே நினைத்துப் பழகியதால் அண்ணன் அப்படி எண்ணியிருப்பார். அக்காவின் நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்றே எடுத்துப் பார்த்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் அந்தப் பாட்டு இருக்கிறது. மூன்று கட்டங்கள் நீல மையிலும், இயற்றியவர் கட்டம் மட்டும் பச்சை மையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பிறகு எப்போதோ கேட்டு நிரப்பியிருக்கிறாள். அப்படியே பெயர்த்து எழுதுகிறேன். அடுத்த உங்கள் முறையில், இரவு ஒன்பது மணிக்கு, இதைப் போடுங்கள்:

"தண்ணிலவு தேனிறைக்க. படம்: படித்தால் மட்டும் போதுமா. பாடியவர்: பி.சுசீலா. இயற்றியவர்: மாயவநாதன். இசை: விஸ்வநாதன்–ராமமூர்த்தி."