"அது அவங்கவங்க பார்வைம்மா" என்று மகன் சொன்னால்

கேள்வி: என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வகுப்புக்கு வராத நண்பனுக்கு ப்ராக்ஸி கொடுத்து (அவன் பெயருக்கு இவன் வருகை சொல்லி) மாட்டிக்கொண்டான். கண்டித்தால், "சரி, தப்பு எல்லாம் அவங்கவங்க பார்வைம்மா. உனக்கு அது தப்பு, எனக்கு அது ஹெல்ப்" என்கிறான். ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறதே, அப்புறம் எது சரி என்று வேறு கேட்கிறான். அவன் சொல்வது எங்கோ இடிக்கிறது. ஆனால் எங்கே என்று சொல்ல வரவில்லை. என்ன பதில் சொல்வது? (வாசகி, திருச்சி)

பதில்: அவன் பேச்சில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்பது ஒன்று. எது சரி என்பது சூழ்நிலைக்கு ஏற்ப மாறும் என்பது இன்னொன்று. ஒருவர் சரி என்று நினைத்துவிட்டாலே அவருக்கு அது சரி என்பது மூன்றாவது. முதல் இரண்டும் உண்மை, மறுக்கவே வேண்டாம். அவற்றின் சாட்சியத்தை வைத்து மூன்றாவதற்குத் தீர்ப்பு வாங்கப் பார்க்கிறான். இடிப்பது அங்கேதான்.

சூழ்நிலை விஷயம் எளிது. இன்சுலின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். அதற்காக, எவ்வளவு போட வேண்டும் என்பது நோயாளியின் அபிப்பிராயம் ஆகிவிடுமா? சர்க்கரை அளவு, எடை, சாப்பாடு என்று உடம்பின் நிலையைப் பொறுத்து மாறுகிறது. அதே நிலையில் யார் இருந்தாலும் அதே கணக்குதான். பொய்யும் அப்படித்தான். "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்கிறது 292ஆம் குறள். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் எழுதிய கட்டுரையில் நேரெதிராக நிற்கிறார்: உன் வீட்டில் ஒளிந்திருக்கும் நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லாதே என்கிறார். இந்த இடத்தில் குறள் பக்கம் நிற்பதுதான் நியாயம் என்பது எங்கள் கட்சி. ஆனால் இருவருமே "எனக்குத் தோன்றியது" என்று நிறுத்தவில்லை, காரணம் சொல்கிறார்கள். குறளின் விதிவிலக்கும் சும்மா கிடைப்பதில்லை. குற்றமற்ற நன்மை வந்தாக வேண்டும்.

வழக்கம் கொஞ்சம் சிக்கலானது. ஸ்வீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3 அன்று அதிகாலையில் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து இடப்பக்கம் ஓட்டுவது தப்பு. எந்தப் பக்கம் என்பது நாம் வைத்துக்கொண்டது. எதிரே வருகிறவன் உயிரோடு விளையாடக் கூடாது என்பது அந்த அதிகாலையில் மாறவில்லை.

இந்த வேறுபாடு குழந்தைகளுக்கே தெரியும். அமெரிக்க உளவியலாளர் எலியட் துரியலும் அவர் வழியில் ஆய்ந்தவர்களும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடமே இதைக் கண்டார்கள். வீட்டில் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். "டீச்சரே சரின்னு சொன்னா, யூனிஃபார்ம் இல்லாம வரலாமா?" வரலாம் என்று பதில் வரும். "டீச்சரே சரின்னு சொன்னா, பக்கத்துல இருக்கிறவனை அடிக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும், "அவனுக்கு வலிக்கும்ல" என்ற காரணத்தோடு.

ஆனால் இந்தக் கோடு எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை. 1987இல் அமெரிக்க மானுடவியலாளர் ரிச்சர்ட் ஷ்வேடரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், புவனேஸ்வரத்தில் பலர் கைம்பெண் மீன் சாப்பிடுவதைக் கடுமையான தவறாகப் பார்த்தார்கள். அமெரிக்கர்களுக்கு அதில் தவறே தெரியவில்லை. உங்கள் மகன் இதைப் பிடித்துக்கொள்ளலாம். காரணத்தைக் கேட்டால் படம் மாறுகிறது: மீன் உடம்புக்குச் சூடு, ஆசையைக் கிளப்பும், இறந்த கணவரின் ஆவி நோகும். அதாவது, பிறரை நோகடிக்கக் கூடாது என்பதில் இரு ஊரும் ஒன்று. ஆவி இருக்கிறதா, மீன் என்ன செய்யும் என்பதில்தான் பிளவு. அது உலகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி, நியாயக் கேள்வி அல்ல. எல்லாச் சண்டையும் இப்படிக் கரைந்துவிடாது. மனைவியை இழந்த ஆணுக்கு அந்தக் கட்டுப்பாடு ஏன் இல்லை என்பது மீதம் நிற்கும். உண்மையான நியாயத் தகராறு அந்த மீதிதான்.

மூன்றாவது சங்கதிக்கு வருவோம். பெரிய ஆட்கள் துணைக்கு இருக்கிறார்கள் என்று அவன் நினைக்கலாம். பிரிட்டிஷ் தத்துவவாதி ஏ.ஜே. அயர் 1936இல், அறக் கூற்றுகள் உணர்ச்சியின் வெளிப்பாடுதான், அவற்றில் மெய் பொய் கிடையாது என்றார். ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே.எல். மேக்கி 1977இல், உலகில் புறவயமான, அதாவது யார் நினைப்பையும் சாராத, மதிப்புகளே இல்லை என்றார். ஆனால் இருவருமே உங்கள் மகனுக்குக் கை கொடுக்க மாட்டார்கள். "எனக்கு அது சரி" என்பதும் அயர் கணக்கில் மெய்யாகாது. மேக்கி கணக்கில் அம்மா சொல்வது போலவே மகன் சொல்வதும் பிழைதான். 2020இல் தத்துவத் துறையினரிடம் எடுத்த ஒரு கணிப்பில், நம் விருப்பத்தைச் சாராத அற உண்மைகள் உண்டு என்ற பக்கம் சாய்ந்தவர்கள் சுமார் 62 சதவீதம், மறுபக்கம் 26. வாக்கெடுப்பால் இது முடியப் போவதில்லை. ஆனால் "படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்கிறார்கள்" என்று அவன் ஆரம்பித்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

பேச உட்காரும்போது ஹிட்லரிலிருந்து தொடங்காதீர்கள். பெற்றோர் வழக்கமாகச் சறுக்கும் இடம் அது. "அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?" என்று எழுந்து போய்விடுவான். அவன் மேல் விழும் அநியாயத்தைக் கேளுங்கள்: "உன் முகம் பிடிக்கலைன்னு இன்டர்னல்ல பத்து மார்க் குறைச்சா, அது சாரோட பார்வைன்னு விட்டுடுவியா?" விட மாட்டான். ஆனால் இதை வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவனே தன் கொள்கையை நம்பவில்லை என்றுதான் இது காட்டும், கொள்கை பொய் என்று அல்ல. காரணம் சொல்லும் பேச்சுக்கு அவனை இறக்க அது போதும்.

பிறகு ப்ராக்ஸியைப் பிரியுங்கள். 75 சதவீத வருகை வேண்டும் என்பதில் அந்த எண் வெறும் வழக்கம். 60 ஆகவும் இருந்திருக்கலாம், அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். யாருக்கு என்ன நஷ்டம் என்பது விசாரித்து அறிய வேண்டியது: காய்ச்சலோடு பஸ் பிடித்து வந்தவனும் தூங்கிக்கொண்டிருந்தவனும் பதிவேட்டில் ஒன்றாகிவிட்டார்கள். மீதி, இன்னொருவன் பெயருக்கு "பிரசன்ட் சார்" என்று குரல் கொடுத்தது. அது பொய், அதற்குக் காரணம் கேட்கலாம். நண்பனின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றால் பேச்சே வேறு. அப்போதும், லீவ் லெட்டர் கொடுத்திருக்க முடியாதா என்ற கேள்வி பாக்கி இருக்கும்.

"ரூலே முட்டாள்தனம்" என்று அவன் திருப்பினால் அடக்காதீர்கள். "அவங்கவங்க பார்வை" என்பதை விட்டுவிட்டு வாதத்துக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். அதையே மனுவாக எழுதி, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுத் துறைத் தலைவரிடம் கொடுப்பானா என்று கேளுங்கள்.