செரிபிரல் பால்சி உள்ள குழந்தைக்குக் குதிரைச் சவாரி உண்மையிலேயே உதவுமா?

உங்கள் பையனுக்கு 6 வயது, செரிபிரல் பால்சி (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு சரியாக வராத நிலை), பிசியோதெரபி போய்க்கொண்டிருக்கிறது, குதிரைச் சவாரிக்கும் கூட்டிப்போகச் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள்.

நாங்கள் கோபி பக்கம். என் மகளுக்கு இரண்டு காலும் விறைப்பு. நடக்கும்போது முட்டி இரண்டும் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும், குதிங்கால் தரையில் படாது. முதலில் போன இடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, தூக்கிச் சேணத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். தொடை விரியாத பிள்ளை, வலியில் அப்படி அழுதாள். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இடுப்பு மூட்டு லேசாக விலகியிருந்தது. டாக்டர் சரி என்று சொல்ல ஐந்து மாசம் ஆனது. அந்த அழுகை இன்னும் எனக்குள் இருக்கிறது, அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இப்போது இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கோயம்புத்தூருக்கு வெளியே இன்னொரு மையத்துக்குப் போகிறோம். அங்கே ஒருத்தர் குதிரையைப் பிடித்து நடத்துவார், இரண்டு பக்கமும் ஆளுக்கு ஒருவர் பிள்ளையின் தொடைமேல் கை வைத்தபடி கூடவே நடப்பார்கள், பிசியோதெரபிஸ்ட் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். தலையில் ஹெல்மெட். ஏறுவதற்குச் சாய்வு மேடை. சேணம் கிடையாது, மெத்தை மாதிரி தடித்த விரிப்பு மட்டும், ஏனென்றால் குதிரையின் உடம்புச் சூடு நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், சுமார் 38 டிகிரி, அந்தக் கதகதப்பு தொடைக்கு நேராக ஏற வேண்டும். குதிரை நடக்கும்போது அதன் முதுகு மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசையும். நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். தானாக நடந்து பழகாத இடுப்புக்கு அந்த அசைவு 20 நிமிஷத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் கிடைக்கிறது, விழாமல் இருக்க முதுகும் வயிறும் தானாக வேலை செய்கின்றன.

போன மாசம் இறங்கியதும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண்ணில் முழுக் குதிங்காலும் பதிந்த தடம், நான்கைந்து அடிக்கு. சாயங்காலத்துக்குள் பழைய இறுக்கம் வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். வியாதியைக் குதிரை தீர்க்காது, பிசியோதெரபியை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆறு மாசம் முன்னால் அது இல்லை.

என் மாமனார், "ஏனுங்க மாப்ள, வாரா வாரம் அவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க, ஆடி மாசம் அந்தியூர் சந்தையில ஒரு குதிர வாங்கித் தோட்டத்துல கட்டிப்போட்டா அம்மிணி தெனமும் ஏறுவாளில்லீங்க" என்றார். பேத்தி மேல் அவ்வளவு ஆசை அவருக்கு. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு நல்ல நல்ல குதிரை வருவது உண்மைதான், ஆனால் துள்ளி ஆடுகிற குதிரை இதற்கு ஆகாது. பிள்ளை திடீரென்று கத்தினாலும் காலை உதைத்தாலும் மிரளாமல் அப்படியே நிற்கிற குதிரை வேண்டும், அப்படிப் பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் கழுத்தெலும்பையும் டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். முதல் நாள் உங்கள் பையன் பயந்தால் ஏற்றாதீர்கள், பக்கத்தில் நிறுத்தித் தடவிக்கொடுக்க மட்டும் விடுங்கள். என் மகள் மூன்று வாரம் கேரட் மட்டும்தான் கொடுத்தாள். நான்காவது வாரம் மேடையைக் காட்டி, "நானு ஏறட்டா?" என்று அவளே கேட்டாள்.