மனத்தாங்கல் யாருக்கு?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார். நிலத்தைப் பிரிப்பதில் தம்பி என்மேல் கை ஓங்கினான். எங்கள் பங்கில் அன்பியப் (பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) பொறுப்பாளரான நான் திருப்பி அடிக்கவில்லை. பங்குத்தந்தை எங்கள் இருவருக்கும் சமாதானம் செய்துவைக்கத் தேதி குறித்திருக்கிறார். கல்யாணத்துக்கே முப்பது பவுன் போட்டும், தங்கச்சி மட்டும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அது பெரிய விஷயமில்லை. தம்பியை மனதார மன்னிப்பது எப்படி?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பியை விடுங்கள். தங்கச்சியைப் பற்றி ஒரே வரி எழுதி, அதையும் பெரிய விஷயமில்லை என்று தள்ளிவிட்டீர்களே, எப்படி மனம் வந்தது?

காணிக்கையோடு பீடத்துக்கு வருகிறவனுக்கு ஆண்டவர் சொன்னதை (மத்தேயு 5:23-24) மறுபடி வாசியுங்கள். நமக்கு யார்மேல் கோபம் என்று அவர் கேட்கவில்லை. நம்மேல் யாருக்கு மனத்தாங்கல் என்றுதான் கேட்கிறார். உங்கள் வீட்டில் அது தங்கச்சிக்கு.

திருப்பி அடிக்கவில்லை என்கிறீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 78-ஆம் பத்தி, உரிமைக்காகப் போராடும்போதும் வன்முறையைக் கைவிடுகிறவர்களைப் பாராட்டுகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: பிறருடைய உரிமைக்குக் கேடு வரக்கூடாது. அண்ணனும் தம்பியும் கைகுலுக்க, தங்கச்சி பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் அந்தச் சமாதானத்தைத் திருச்சபை கேட்கவில்லை. 2017 உலக அமைதி நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ், அகிம்சை வீட்டுக்குள்தான் தொடங்க வேண்டும் என்றார். கை ஓங்காமல், சொந்தக்காரர்களை விட்டு நெருக்கிக் கையெழுத்து வாங்குவதும் வன்முறைதான்.

கணக்கைப் பாருங்கள். கிறிஸ்தவர்களான நமக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமம். ஒன்பது பங்காக்கினால் அம்மாவுக்கு மூன்று, உங்களுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, தங்கச்சிக்கும் இரண்டு. முப்பது பவுனை இதில் கழிக்க முடியாது. அப்பா உயிரோடிருந்தபோது பிள்ளைக்குக் கொடுத்தது பங்கில் சேராது என்று அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பவுன் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். அவற்றின் நகலோடு தங்கச்சி வீட்டுக்குத் தனியாகப் போங்கள். விடுதலைப் பத்திரம் கையில் இருக்கவே கூடாது. அம்மாவை விட்டு முன்கூட்டிப் போன் பண்ணவைக்காதீர்கள். பங்குத்தந்தையையும் கூட்டிப்போகாதீர்கள், அவர் முன்னால் மறுக்க முடியாமல் போடுகிற கையெழுத்துக்குப் பெயர் சம்மதம் இல்லை. பங்கு இவ்வளவு, உனக்கு நிலமா பணமா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பல வீடுகளில் பேச்சு கெடுவது இந்த இடத்தில்தான்: அவள் யோசிக்கும்முன் அண்ணன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பணம் என்றால் அரசு வழிகாட்டி மதிப்பில் கணக்குப் போடாதீர்கள், சந்தை விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். கோபத்தில் கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்த உரிமை உண்டு.

எல்லாம் தெரிந்தபின் அவளாக விட்டுக்கொடுத்தால் அது அவள் கொடை. இல்லையென்றால் நால்வருமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள்.

தம்பியோடு பேச்சு அதற்குப் பிறகு. அப்போது தங்கச்சியும் உட்காரட்டும். பங்குத்தந்தையிடம் இந்த வாரமே போய், குறித்த தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.